அது மின்தடை அல்ல

தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் ஒற்றை இயந்திரத்தை வைத்து அரிசி ஆலை தொடங்கியவன் நான். இரண்டு தோணிகளை ஒன்றாகக் கட்டி, மேலே பலகை அடித்து, அந்த இயந்திரத்தை வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தவனும் நான். நடுவாவியில் காற்றுக் கிளம்பியபோது தோணிக்காரர் பயந்து, "இரும்பத் தள்ளிவிடுவம், உசிராவது மிஞ்சட்டும்" என்றார். "என்னத் தள்ளுங்க, இரும்பத் தள்ளாதீங்க" என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. கூரை இல்லாமலே நெல் குத்தினேன். சண்டைக் காலத்தில் டீசல் வரவில்லை, மண்ணெண்ணெயில் ஓட்டினேன். வெள்ளம் வந்து மோட்டரை மூடியது. கழற்றி அடுப்படியில் காயவைத்துத் திரும்பவும் பூட்டினேன். நெல் ஊறும் தொட்டிகள், அவித்த நெல்லைக் காயவிடும் சிமெந்துத் தளம், அக்கரையில் நின்று பார்த்தாலும் தெரியும் புகைபோக்கி, எல்லாம் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கடன் கேட்டுப் போனபோது வங்கியில் கதிரை தராமல் நிற்கவைத்துக் கதைத்தார்கள். பிறகு அதே வங்கிக்காரர்கள் என் மேசையில் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

கடைசியாகக் கட்டியது, ஆள் தொடாமல் தானே ஓடும் ஆலை. அதையும் நான்தான் கட்டினேன். மகன் கட்டினான் என்று ஊர் சொல்கிறது. மகனைப் படிப்பித்தது யார் என்று ஊர் கேட்பதில்லை.

புதிய ஆலையைப் பற்றி ஒரு சிறப்பு மலர் அச்சடிக்கப் போவதாக மகன் சொன்னான். "பழைய காலத்தப் பற்றி நீங்க ஒரு அரைப் பக்கம் எழுதித் தாங்கப்பா, அது காணும்" என்றான். அரைப் பக்கத்தில் என்னுடைய தோணி கூட வாவியைக் கடக்காது. அதனால் முழுதாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தலாம். சொன்னதில் கை வைக்கக் கூடாது.

ஆலையின் சத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். காலையில் தொடங்கினால் பொழுது படும்வரை அது ஓயாது. ஆலைக்குப் பக்கத்தில் ரோட்டோடு சேரும் சின்ன ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கின. அங்குள்ளவர்கள் உரத்துக் கதைத்துப் பழகியவர்கள். வேறு ஊருக்குக் கலியாணத்துக்குப் போனால், பந்தியில் இருப்பவர்கள் இவர்களைத் திரும்பிப் பார்த்து, என்ன சண்டை என்று கேட்பார்களாம். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. என் இயந்திரத்தின் சத்தம் ஊரின் தொண்டையையே மாற்றிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

ஒருமுறை ஊரில் ஒரு பெரியவர் காலமானார். மயானத்துக்குப் போகும் பாதை ஆலைக்கு முன்னால்தான் போகிறது. எங்கள் பக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பிரேதம் போகும்போது வாசல் படலையில் வந்து நிற்பார்கள். அதுதான் அவர்கள் அனுப்பி வைக்கிற முறை. பறைச் சத்தம் கேட்டால் வெளியில் வருவார்கள். அன்றைக்கு ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பறை யாருக்கும் கேட்கவில்லை. ஒழுங்கையில் இருந்த, நடக்கமுடியாத ஒரு வயதான பெண், கடைசியாக ஒருமுறை அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தவர், பிரேதம் போய்முடிந்த பிறகுதான் அறிந்தார்.

இதை எனக்கு வந்து சொன்னவர் தளத்து அக்கா. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவித்த நெல்லைச் சிமெந்துத் தளத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறுவார்கள். நெல்லில் கோடு கோடாகப் பாதை விழும். அந்தப் பெண்களுக்குத் தலைவி அவர். என்னைவிடச் சில வயது மூப்பு. சம்பளம் கொடுத்தது நான், உத்தரவு கொடுத்தது அவர். மற்ற எல்லோரும் என்னை முதலாளி என்பார்கள், அவர் மட்டும் தம்பி என்பார். வானம் கறுத்தால் ஒரு குரல் வைப்பார். அந்தக் குரலுக்குப் பெண்கள் ஓடி நெல்லைக் கூட்டிப் படங்குத் துணியால் மூடிவிடுவார்கள். ஆலையின் சத்தத்தையும் தாண்டிக் கேட்ட ஒரே குரல் அது.

அன்றைக்கு என் முன்னால் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தம்பி, உன்ட மிசின் கத்துற கத்துல செத்தவன் போறதும் தெரியல்ல, இருக்கிறவன் வாறதும் தெரியல்ல. மனிசர் இருக்கிற ஊரா கா இது?" என்றார்.

அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இனிமேல் பிரேதம் ஆலைச் சந்தியைத் தொட்டதும் இயந்திரம் நிற்கும். கடந்து போனபிறகுதான் தொடங்கும். யார் வீட்டுச் சாவு என்று பார்ப்பதில்லை. என்னோடு கதைபேச்சு இல்லாதவனின் பிரேதத்துக்கும் நிறுத்தினேன். ஆலைக்கு நெல் தராமல் வேறு ஆலைக்குக் கொடுத்தவனுக்கும் நிறுத்தினேன். சண்டைக் காலத்தில் இரண்டு பேர் மட்டும் சுமந்துபோன பிரேதத்துக்கும் நிறுத்தினேன். வேறு எந்த ஆலையிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதுவும் நான் கட்டியதுதான். சிமெந்தும் கல்லும் இல்லாமல் கட்டியது.

போகப்போக ஊர் அதைப் படித்துக்கொண்டது. பறையைக் கேட்கக் காது வைக்கத் தேவையில்லை. ஆலைச் சத்தம் நின்றால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் படலைக்கு வருவார்கள். வயல் வட்டைக்குள் நிற்பவன் தலைத்துண்டை அவிழ்ப்பான். சத்தம் போடுகிற ஒரு பொருளை வைத்து, சத்தம் இல்லாமல் ஒரு செய்தியை ஊர் முழுவதற்கும் சொன்னேன்.

அப்படி ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றபோது, அக்கா நெல்மூட்டையில் குந்தியிருந்து கேட்டார்.

"தம்பி, என்ட நாளில எவ்வளவு நேரம் நிப்பாட்டுவாய்?"

"நீங்க கடந்து போறவரைக்கும்."

"காணாது கா. நான் மெல்லமாத்தான் போவன். முழங்கால் வருத்தம்."

"சுமக்கிறவனுகள்தான் நடப்பானுகள் அக்கா, நீங்க இல்ல."

"அப்ப அவனுகளுக்கும் முழங்கால் வருத்தம் வரட்டும்" என்றார். தளத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிரேதம் போகும்போது சிரிக்கக் கூடாது.

"உங்களுக்கு அரை நாள் நிப்பாட்டுவன்" என்றேன்.

"அரை நாளா? நெல்லு புளிச்சுப் போகும்" என்று எழும்பிப் போனார். போனவர் திரும்பி, "சொன்ன சொல்லு சொல்லுத்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். ஓம் என்று நான் சொல்லிச் செய்யாமல் விட்டது அதுவரை ஒன்றும் இல்லை.

மகன் வெளிநாட்டில் இயந்திரப் படிப்புப் படித்து, அங்கே தொழிற்சாலைகளில் வேலையும் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தான். ஆலையை ஒரு நாள் முழுதும் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். பின்னேரம் என் பக்கத்தில் வந்து இருந்து, "அப்பா, இஞ்ச எல்லாம் உங்கட கண்ணிலயும் காதிலயும்தான் ஓடுது. உங்களுக்குப் பிறகு இது என்ன செய்யும்?" என்று கேட்டான். கேட்டது சரியான கேள்விதான். எனக்குப் பிறகு என்ற சொல்லை வீட்டில் முதன்முதலில் சொன்னவன் அவன்.

சரி என்றேன். வேறு யாராவது என் வயதில் சரி என்பார்களா?

ஊறல் தொட்டிகளுக்குள் சூடு பார்க்கும் கம்பிகள் இறங்கின. நெல் காயவைக்க ஒரு பெரிய இரும்புக் கோபுரம் வந்தது. உள்ளே நெல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே எவ்வளவு ஈரம் என்று அது அளந்து, சூட்டைக் கூட்டும், குறைக்கும். நிறம் பிரிக்கிற ஒரு பெட்டி வந்தது. அதற்குள் அரிசி மழையாகக் கொட்டும்போது கமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கின்றன. கறுத்த மணி ஒன்று வந்தால் அதற்கு மட்டும் காற்றால் ஒரு சுண்டு. அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் கதிரை போட்டு இருந்து பார்த்தேன், திருவிழாப் பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு மோட்டரிலும் சின்னதாக ஒரு கறுப்புப் பொருளை ஒட்டினார்கள். அது மோட்டரின் நடுக்கத்தைப் பிடித்து மகனின் கைப்பேசிக்கு அனுப்பும். எல்லாம் சேர்ந்து கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய திரையில் தெரியும். கொழும்பில் இருந்தாலும் மகன் தன் கையிலேயே ஆலையைப் பார்ப்பான்.

ஒருநாள் அவன் கொழும்பிலிருந்து கதைத்து, நெல் தூக்கும் மோட்டரில் பேரிங் பழுதாகப் போகிறது என்றான். நான் போய் இரும்புக் கம்பியின் ஒரு முனையை மோட்டரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். எத்தனை வருடத்துக் காது. ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார் என்றேன். அந்தக் கிழமையே பேரிங் உடைந்தது. என் காதுக்கு எட்டாததை அது கேட்டது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. நல்ல ஆலை. அரிசி உடைவது குறைந்தது, அவியல் நாற்றம் போனது, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே அரிசி. அந்தப் புதிய ஆலையை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் ஆலையை நானே ஏன் குறை சொல்ல வேண்டும்?

கண்ணாடி அறைக்குப் பொறுப்பாகக் காத்தான்குடியிலிருந்து ஒரு ஒப்பரேட்டர் வந்தார். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாய்க்காரர், வேலை தெரிந்தவர். திரையைத் திறக்க விரல் அடையாளம் வேண்டும். எல்லோருடைய விரலையும் பதிந்தார். என் விரலை வைத்தபோது அது பிடிக்கவில்லை. துடைத்து வைத்தேன். வேறு விரல் வைத்தேன். எண்ணெய் பூசி வைத்தேன்.

"முதலாளி, உங்கட கையில ரேகையே இல்ல" என்றார் அவர். "உமியும் நெல்லும் எல்லாத்தையும் தேச்சுப் போட்டுது. நீங்க எங்க களவெடுத்தாலும் ஆரும் புடிக்க ஏலா."

எல்லோரும் சிரித்தோம். மகன், "உங்களுக்கு இது என்னத்துக்கப்பா, ஒப்பரேட்டர் இருக்கார்தானே" என்றான். முதலாளி தொடத் தேவையில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரும்புக் கோபுரம் வந்தபின் தளம் தேவைப்படவில்லை. பெண்களை நிறுத்தும் நாள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறையில்லாமல் கொடுத்தேன், சேலையும் கொடுத்தேன். அக்கா கோபுரத்தைச் சுற்றி நடந்து, அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடுது. வெயில எங்க ஒளிச்சு வச்சிருக்கு?"

"உள்ளுக்கு அக்கா. உமி எரியுது."

"மழை வந்தா ஓடுமா?"

"இதுக்கு மழை இல்ல."

"அப்ப இதுக்கு நாங்களும் இல்ல" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. மழை இல்லை என்றால் மழைக்கு ஓடுகிறவர்களும் இல்லைதானே, அதைச் சொன்னார். பிறகு சேலையைப் பிரித்துப் பார்த்து, "நிறம் பரவாயில்ல, உன்ட மனிசிதான் எடுத்திருக்கா, நீ எடுத்திருந்தா சாக்கு நிறத்தில எடுத்திருப்பாய்" என்றார். அதுவும் உண்மை.

அதற்குப் பிறகு அவரை நான் அடிக்கடி காணவில்லை. உடல் வருத்தம் கூடியதும் மகள் வந்து வாவிக்கு அங்கால் டவுண் பக்கத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருமுறை பார்க்கப் போனேன். கட்டிலில் இருந்தபடி, "ஆலை ஓடுதா?" என்று கேட்டார். இராப்பகலாக ஓடுகிறது என்றேன். "அப்ப ஒழுங்கையில ஆரும் நித்திர கொள்றல்லயா?" என்றார். அவ்வளவுதான் கதைத்தோம்.

அவர் காலமான செய்தி ஒரு விடியலில் வந்தது. தன் ஊர் மண்ணில்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மகள் வீட்டிலிருந்து வாகனத்தில் பாலம் தாண்டிக் கொண்டுவந்து, ஊர் எல்லையில் இறக்கித் தோளில் எடுப்பது என்று ஏற்பாடு. பின்னேரம் வரும் என்றார்கள். எத்தனை மணி என்று யாருக்கும் தெரியாது. தளத்துப் பெண்களில் பாதிப்பேர் இப்போது நடக்க ஏலாதவர்கள். டவுணுக்குப் போய்ப் பார்க்க முடியாமல், எல்லோரும் அந்த ஒழுங்கையிலேயே காத்திருந்தார்கள்.

நான் காலையில் டவுணுக்குப் போய் முகம் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரும் பிரேதத்தோடு வரத் தயாரானபோது, நான் முந்திக்கொண்டு ஆலைக்கு வந்தேன். பின்னால் நடக்க நூறு பேர் இருப்பார்கள். ஆலையை நிறுத்த நான்தானே வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் போய், "தம்பி, அரை நாளைக்கு நிப்பாட்டு" என்றேன்.

ஒப்பரேட்டருக்கு விளங்கியது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. திரையைத் தொட்டார். அது ஒரு பெட்டியைத் திறந்தது.

"நடுவில நிப்பாட்டினா ஏன் எண்டு கேக்கும் முதலாளி. காரணம் குடுக்கணும்."

"சாவு எண்டு குடு."

அவர் விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார். மின்தடை இருந்தது. இயந்திரக் கோளாறு இருந்தது. நெல் போதாமை இருந்தது. பராமரிப்பு இருந்தது. துப்புரவு கூட இருந்தது.

"அது இதில இல்ல முதலாளி."

"இல்லாட்டி எழுது."

"வேற காரணம் எண்டு ஒண்டு கிடக்கு. அதப் போட்டா உங்கட மகன்ட போனுக்குப் போகும். அவர் ஓம் எண்டாத்தான் நிக்கும்."

போடச் சொன்னேன். போட்டார். திரையின் மூலையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் கொழும்பில் அரிசி வாங்குகிறவர்களோடு ஒரு கூட்டத்தில் இருந்தான், கைப்பேசியை அடைத்து வைத்திருந்தான். திரும்பவும் எடுத்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்புப் பொத்தான்களை அமத்தட்டுமா என்று கேட்டேன். அது அந்தந்த மிசினுக்குத்தான், ஒன்றை அமத்தினால் மற்றவை ஓடும், காற்றடிக்கும் பங்காக்கள் இன்னும் கூடக் கத்தும் என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரும் வியர்த்துப்போய்த் தன் கைப்பேசியில் மகனுக்கு வட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். சந்தியில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. பறை அடிப்பவரின் கை ஏறி இறங்குவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஒழுங்கையைப் பார்த்தேன். ஒரு படலையிலும் ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே பொருள் மெயின் சுவிட்ச். அதை ஆலையின் வெளிச்சுவரில் பூட்டியது நான். போய் இரண்டு கையாலும் இழுத்தேன்.

ஆலை நின்றது. அந்த அமைதியை நான் மறந்தே போயிருந்தேன். காகம் கேட்டது. பறை மெல்லக் கேட்டது. ஒழுங்கையில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு படலை திறந்தது. இன்னொரு படலை திறந்தது. தளத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று கிளறியவர் ஒருவர், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிரேதம் இன்னும் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. நான் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றேன். சொன்ன சொல் சொல்தான் அக்கா என்று மனதுக்குள் சொன்னேன்.

அப்போது ஜெனரேற்றர் தொடங்கியது. கரண்ட் போனால் ஆள் இல்லாமல் தானே தொடங்கும்படி மகன் செய்து வைத்திருந்தான். அதை வாங்கும்போது நான்தான் பெரியதாக வாங்கச் சொன்னேன். முதலில் அது இருமியது. பிறகு நெல் தூக்கும் மோட்டர், பிறகு கோபுரத்துப் பங்காக்கள், பிறகு தீட்டும் இயந்திரம், சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாக எழும்பின. ஜெனரேற்றரும் சேர்ந்ததால் முன்பைவிடச் சத்தம் கூடியது.

படலையில் நின்றவர் என்னைப் பார்த்தார். வாயசைவில் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது. "கரண்ட் போயிட்டு" என்றார் உள்ளே இருந்த யாருக்கோ. திரும்பி உள்ளே போனார். மற்றப் படலையும் சாத்திக்கொண்டது. அக்காவின் பெட்டி ஆலைக்கு முன்னால் வந்தபோது ரோட்டில் நின்றது நானும் ஒப்பரேட்டரும் மட்டும்தான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் பின்னால் போயிருக்கலாம். ஜெனரேற்றரை எப்படி நிறுத்துவது என்று பார்க்க உள்ளே ஓடினேன். அது விளங்குவதற்குள் அவர்கள் வளைவைத் தாண்டிவிட்டார்கள். மயானத்துக்கும் நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி, "இண்டைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்துதா?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை. அக்காவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். "எப்ப?" என்று கேட்டாள். ஈரக் கையோடு அப்படியே குசினி வாசலில் இருந்துவிட்டாள். அடுத்த நாள் ஒழுங்கையில் தளத்துப் பெண்கள் என்னோடு கதைக்கவில்லை. ஒருவர் மட்டும், "எங்கட ஆளுக்கு மட்டும் நிக்கல்ல என்ன முதலாளி" என்றார். நிறுத்தினேன் என்றேன். "எங்க?" என்றார்.

கொஞ்ச நாளைக்குப் பிறகு கொழும்பிலிருந்து அரிசி வாங்குகிறவர்களும், மற்ற ஆலைக்காரர்களும் எங்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். மகன் கண்ணாடி அறையில் அவர்களுக்குத் திரையைக் காட்டினான். நான் பின்னால் கதிரையில் இருந்தேன். அந்த நெற்போகம் முழுவதும் ஆலை ஓடிய கதை பச்சைக் கோடாக நீண்டு கிடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மயிர் போல ஒரு சிவப்புக் கீறு. மகன் அதைத் தொட்டான். அது பெரிதாகி, பக்கத்தில் எழுத்து வந்தது. மின்தடை.

"எதிர்பாராத நிறுத்தம் எண்டு பாத்தா இந்தப் போகத்தில இது ஒண்டுதான். அதுவும் உடனே ஜெனரேற்றர் எடுத்திட்டுது, ஒரு நெல்மணியும் பழுதாகல்ல" என்றான்.

வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் எழும்பினேன். மகன் என் முகத்தைப் பார்த்து, "பிறகு கதைப்பமப்பா" என்றான். இருந்துவிட்டேன். விருந்தாளிகள் இருக்கும்போது அப்பனும் மகனும் முரண்படக் கூடாது.

அவர்கள் போனபின் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில், "எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றான். எடுத்தேன் என்றேன். அவன் கைப்பேசியைத் திறந்து பழையதைத் தேடிப் பார்த்தான். என் அழைப்புகள் அதில் வரிசையாகக் கிடந்தன. ஒப்பரேட்டரின் செய்திகளும் கிடந்தன. மகன் தவழ்ந்த காலத்தில் அக்கா அவனைத் தளத்து நிழலில் சாக்கில் படுக்கவைத்துப் பார்த்தவர். அவனுக்குச் சோறு ஊட்டியவர். அவன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"அந்தப் பதிவ மாத்து" என்றேன்.

"மாத்த ஏலாதப்பா. ஆரும் மாத்த ஏலாத மாதிரித்தான் செய்திருக்கு. அதாலதான் வாங்கிறவங்க நம்புறாங்க."

"பொய்யத்தானே நம்புறாங்க?"

"அதுக்குக் கரண்ட் போனது மட்டும்தானப்பா தெரியும்."

அது குற்றமில்லை. ஊருக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரிக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. தளத்துப் பெண்களே அப்படித்தான் நினைத்தார்கள். பேரிங்கின் நடுக்கத்தைக் கேட்கிற ஆலை, ஒரு மனிதன் சுவிட்சை இழுத்து வைத்துக்கொண்டு நின்றதைக் கேட்கவில்லை என்று அதோடு நான் கோபிக்க முடியாது. ஆனால் பதிவுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு இடம் இருப்பதாக ஒப்பரேட்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பதிவை மாற்றாமல் அதில் எழுதலாமாம்.

மகனே, இந்த மலரைப் படிக்கிற எல்லோரும் சாட்சியாக இருக்கட்டும். எனக்கு வேண்டியது இதுதான். அந்தக் காரணப் பட்டியலில் சாவு என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதைத் தொட்டால் யாருடைய சம்மதமும் கேட்காமல் ஆலை நிற்க வேண்டும், ஜெனரேற்றரும் எழும்பக் கூடாது. என் விரலைப் பிடிக்காவிட்டால், விரல் கேட்காத ஒரு பொத்தானை என் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் பூட்ட வேண்டும்.

வாசலில் ஆலையைக் கட்டியவர் என்று என் பெயரைப் பெரிய எழுத்தில் போடப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். போடு. அது எனக்கு உரியது. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சிவப்புக் கீறுக்குப் பக்கத்தில் எழுது: இது மின்தடை அல்ல; தளத்து அக்கா போகும்போது ஆலையை நிறுத்தியவர் இந்த ஆலையைக் கட்டியவர். எழுதி, அச்செடுத்து, ஒழுங்கையில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு நீயே கொண்டுபோய் வாசித்துக் காட்டு. நான் சொன்னால் நம்பமாட்டார்கள். திரை சொன்னால் நம்புவார்கள்.